பானை ஏறாத வீட்டில் ஒரு காதல் கதை

செல்வராணி காதல் கதை எழுதுகிறவள். இதை வெளியே சொன்னால் கந்தர்வக்கோட்டையில் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். சிரிக்கட்டும். சமையல் குறிப்பு எழுதுகிறேன் என்றால் சிரிக்க மாட்டார்கள். சாமி கதை எழுதுகிறேன் என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒரு ஆணும் பெண்ணும் முறைத்து, முட்டிமோதி, கடைசியில் சேருவதை எழுதினால் மட்டும் இவர்களுக்கு என்ன வந்துவிட்டது? இவர்களெல்லாம் வானத்திலிருந்தா குதித்தார்கள்?

வயது நாற்பத்தாறு. பகலில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை, அதுவும் வீட்டுக் கொல்லையிலேயே. வியாபாரி வறுத்த கொட்டையை மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார். இவள் கட்டையால் தட்டிப் பருப்பெடுத்துக் கொடுப்பாள். மிச்ச நேரத்தில் இணையத்தில் தொடர்கதை. பெண்கள் எழுதி, பெண்களே படிக்கிற ஒரு தளம் அது. அங்கே 'ராணி குணா' என்ற பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. சிங்கப்பூரில் படிக்கிறார்கள், சிவகாசியில் படிக்கிறார்கள். பல் விளக்குவதற்கு முன்பே, "ஆத்தர் ஜி, அடுத்த யூடி எப்ப?" என்று கேட்டுச் செய்தி வந்துவிடும். யூடி என்றால் அவர்கள் பாஷையில் அடுத்த அத்தியாயம். கதாநாயகன் கதாநாயகியை ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லிவிட்டால் போதும், திட்டு முழுக்க செல்வராணிக்குத்தான் விழும்.

ராணி அவள் பெயர். குணா அவள் புருஷன் பெயர். அந்தத் தளத்தில் பாதிப் பேர் புருஷன் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொண்டவர்கள்தான். குணசேகரன் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பெயரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட ஆள் இல்லை அவர். லீவு நாளில் கொல்லையில் எதிரே உட்கார்ந்து அவரும் கொட்டை உடைப்பார். இவள் கதையை வாயால் சொல்லிக்கொண்டே போவாள். அவர் கட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டால் அந்த இடம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மடமடவென்று தட்ட ஆரம்பித்தால் சலித்துவிட்டது என்று அர்த்தம், அந்த இடத்தை இவள் வெட்டிவிடுவாள். சொல்லி முடித்த பிறகு கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போனில் டைப் அடிப்பாள். எழுத ஆரம்பித்த காலத்திலிருந்து அவள் கதைகள் எல்லாம் இப்படித்தான் பிறந்தன.

போன வைகாசியில், ஆதனக்கோட்டை தாண்டி, டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரை பொங்கல் பானை ஏறாது. கரும்பு கட்ட மாட்டார்கள், வாசலில் பெரிய கோலம் போட மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிச் சாப்பிடலாம், அவ்வளவுதான். ஊர் வழக்கம் இது. செல்வராணி இதை மறுக்கவில்லை. பானை வைக்க அவளுக்கே மனசில்லை.

ஆனால் பொங்கல் கதை?

வருஷம் பூராவும் தொடர் எழுதினாலும் பொங்கலுக்கென்று தனியாக ஒரு கதை உண்டு. போகிக்கு ஒரு பாகம், பொங்கலுக்கு ஒரு பாகம், மாட்டுப் பொங்கலுக்குக் கடைசிப் பாகம். பண்டிகை நாளில் ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டு, அத்தனை பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பெண்கள் முதுகைச் சாய்க்கிறார்களே, அந்த அரை மணி நேரத்துக்கான கதை அது. அந்த அரை மணி நேரத்தில் மட்டும் யாரும் அவர்களிடம் காபி கேட்பதில்லை. அதற்காகவே எழுதலாம் என்பாள் செல்வராணி.

தளத்தை நடத்துகிற பாசிலா மணமேல்குடிக்காரி, நல்ல பெண். மார்கழி பிறந்ததும் போன் பண்ணினாள். "அக்கா, இந்த வருசம் நீங்க எழுத வேணாம். நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறேன். யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"நான் எழுதலைன்னா நான் நெனைப்பேன் பாசிலா. எம் பேரப் போட்டு அறிவிப்புக் குடுத்துரு" என்றாள் செல்வராணி.

சொல்வது சுலபமாக இருந்தது. உட்கார்ந்தால்தான் தெரிந்தது. கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கதையை வாய்விட்டுச் சொன்னால்தான் அவளுக்குக் கதை வரும். எதிரே அவர் உட்கார்கிற சாக்கு மட்டும் கிடந்தது. ரெண்டு நாள் வெறுமனே கொட்டை உடைத்தாள். மூன்றாம் நாள், மகள் இலக்கியா போனில் காட்டிக்கொடுத்திருந்த வித்தை ஞாபகம் வந்தது. மைக் படத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பேசினால் போன் தானே எழுதிக்கொள்ளும். போனை முறத்தில் சாய்த்து வைத்தாள். வாயைத் திறந்தாள். சொன்னதையெல்லாம் அது எழுதியது. எந்த இடத்திலும் நிறுத்தவில்லை, எந்த இடத்திலும் சலித்துக்கொள்ளவில்லை. அதுதான் அதில் கஷ்டமாக இருந்தது. கண்ணைத் துடைக்கவும் முடியாது, கையெல்லாம் கொட்டை எண்ணெய், கண்ணில் பட்டால் எரியும். அழுதுகொண்டே ஒரு சிரிப்புக் காட்சியைச் சொல்லி முடித்தாள்.

கதை என்னவென்றால், கதாநாயகி மாட்டு டாக்டர். கதாநாயகன் மஞ்சுவிரட்டுக் காளை வளர்க்கிறவன். காளைக்குக் கால் சரியில்லை, களத்தில் இறக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிடுகிறாள். அவன் கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். பிறகு காளையின் காலுக்கு மருந்து போடவாவது வந்துதானே ஆக வேண்டும்? வந்தான். மாட்டுக்குத்தான் மருந்து வாங்க வந்தேன் என்று நாலு தடவை சொன்னான். நாலு தடவை சொன்னாலே தெரியாதா?

போகி அன்று மத்தியானம். இலக்கியா திருச்சி ஹாஸ்டலிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. செல்வராணி கொல்லையில் உட்கார்ந்து, சாயங்காலம் போட வேண்டிய முதல் பாகத்தின் கடைசிக் காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதாநாயகி பேசுகிற இடம். செல்வராணிக்கு எப்போதும் அந்தந்த ஆளாகவே மாறிப் பேசினால்தான் சரிப்படும். குரலைக் குழைத்து, பெருமூச்சு விட்டு, நடிகை தோற்றுப் போவாள்.

"எட்டு நாளா நீங்க வரல. திங்கிற சோறு ஒடம்புல ஒட்டல எனக்கு. ரோசக்காரரு, இன்னிக்கும் வரமாட்டீங்கன்னுதான் நெனச்சேன். ஏன் அங்கிட்டே நிக்கிறீங்க? கிட்ட வாங்க. இங்க யாரும் இல்ல."

சொல்லி முடித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். பின்வேலிப் படலைத் திறந்து வைத்திருந்தது அவள் ஞாபகத்தில் இல்லை.

சாயங்காலம் படலைச் சாத்தப் போனபோது வேலியில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. உள்ளே அவரைக்காய், பரங்கிக்கீற்று, ஒரு சீப்பு வாழைக்காய். பையைப் பார்த்ததுமே தெரிந்தது. புதுக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிற நாத்தனார் ராக்காயி கொண்டுவந்தது. குணசேகரனுக்கு அக்கா, தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவள். இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமலா போவார்கள்? போன் பண்ணினாள். எடுக்கவில்லை. திரும்பப் பண்ணினாள். அப்போதும் எடுக்கவில்லை.

பொங்கல் அன்று காலையில் தெருவெல்லாம் பானை பொங்கியது. குலவை கேட்டது. இலக்கியா வந்திருந்தாள். அம்மாவும் மகளும் ரசம் வைத்துச் சாப்பிட்டார்கள். செல்வராணி ரெண்டாம் பாகத்தைப் போட்டாள். பத்து நிமிஷத்தில் தளம் கலகலத்தது. 'அந்தக் காளைக்கு இருக்கிற அறிவு அவனுக்கு இல்லை' என்று ஒருத்தி. 'டாக்டரம்மா, அவனுக்கும் ஒரு ஊசி போடுங்க' என்று ஒருத்தி. இடையில் ஒருத்தி மட்டும், 'எப்படித்தான் இவங்களால இந்த நேரத்துல இதெல்லாம் எழுத முடியுதோ' என்று போட்டிருந்தாள். செல்வராணி அதை இரண்டு முறை படித்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று வந்தது. கேட்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ரெண்டு தெரு தள்ளி இருக்கிற கொழுந்தன் நாகராசு அன்று அந்த வழியாக பைக்கில் போனான். இவளைப் பார்த்தான். எப்போதும் "என்ன மதினி" என்று நிறுத்துகிறவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். என்னவோ இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாகராசின் பைக் வாசலில் வந்து நின்றது. பின்னால் ராக்காயி, மடியில் தூக்குவாளி. உள்ளே வந்தவள் தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். மாலை போட்டிருந்த தம்பி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதற்குக் கீழேயே உட்கார்ந்தாள். நாகராசு கதவோரம் நின்றான்.

"ஒக்காரு ராணி" என்றாள் ராக்காயி. "ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லு."

"கேளுங்க அண்ணி."

"யாரு அவன்?"

செல்வராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எவன்?"

"கொல்லையில ஒக்காந்து கொஞ்சுனியே, அவன். எட்டு நாளா வரலையாமே. சோறு ஒட்டலையாமே. கிட்ட வரச் சொன்னியே, யாரும் இல்லன்னு. நான் வேலியோரத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்டி. அடி ஆத்தீ, இத எங் காதால கேக்குறதுக்கா நான் காய்ப்பையத் தூக்கிக்கிட்டு வந்தேன்?" ராக்காயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அன்னிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல."

செல்வராணிக்கு முதலில் தலைகால் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள், அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். வைகாசிக்குப் பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது, அதுவா இந்த நேரம் பார்த்து வர வேண்டும்? நாகராசு முகம் கறுத்தது. "மதினி, இது சிரிக்கிற விசயமா?" என்றான்.

இலக்கியா குறுக்கே வந்தாள். "அயித்த, சித்தப்பா, அது கதை. அம்மா போன்ல வாயால சொல்லும், அது எழுதிக்கும். அப்பா இருந்தப்ப அப்பாகிட்டச் சொல்லும். இந்தா, நீங்களே படிங்க." போனில் முதல் பாகத்தைத் திறந்து நாகராசின் கையில் கொடுத்தாள்.

நாகராசு பஞ்சாயத்து அறிவிப்பை வாசிக்கிற குரலில் வாசித்தான். "'எட்டு நாளா நீங்க வரல. திங்கிற சோறு...'" தொண்டையைச் செருமிக்கொண்டான். "'கிட்ட வாங்க. இங்க யாரும் இல்ல.' 'வரமாட்டேன் டாக்டரம்மா. ஒங்க கையில ஊசி இருக்கு.'" அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வாய்விட்டு வாசிக்காமல் மனசுக்குள்ளேயே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான்.

ராக்காயி முகத்தில் ஈயாடவில்லை. தம்பி பெண்டாட்டியைப் பற்றித் தப்பாக நினைத்து ரெண்டு நாள் பட்டினி கிடந்திருக்கிறாள், உடன்பிறந்தவனிடம் சொல்லி அழுதிருக்கிறாள், அது அத்தனையும் வீண். செல்வராணி அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். காபி போடலாம் என்று எழுந்தாள். ஆனால் வெட்கப்பட்டவர்களுக்குக் கோபம் பக்கத்திலேயே இருக்கும்.

"அப்ப இது அத விட மோசம்" என்றாள் ராக்காயி.

"எது?"

"ஒருத்தன்கிட்டப் பேசியிருந்தீன்னா ஒனக்கும் எங்களுக்கும் மட்டும்தான் தெரியும். இத ஊரு ஒலகமெல்லாம் படிக்குதுங்கிற. எந் தம்பி பேரப் பின்னால வேற ஒட்டிக்கிட்டு." குரல் ஏறியது. "அவன் போயி வருசம் திரும்பல ராணி. வருசா வருசம் கரும்பும் பானையும் மஞ்சக்கொத்துமா எனக்குப் பொங்கச்சீர் கொண்டாந்து எறக்குவான். கண்டக்டர் உடுப்போடயே வருவான், வண்டி நிக்கிற நேரத்துக்குள்ள ஓடி வருவான். நேத்து அடுப்பப் பத்த வச்சுட்டு வாசலப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன். வரமாட்டான்னு தெரிஞ்சும் பாத்தேன். நீ என்னடான்னா இங்கிட்டு ஒக்காந்து கொஞ்சிக் கொஞ்சிக் கதை சொல்லிக்கிட்டு இருக்க. எப்படிடி ஒனக்கு மனசு வருது?"

சொல்லும்போதே கண்ணீர் கொட்டியது அவளுக்கு. இந்த அழுகையில் பொய் இல்லை. அந்தச் சீர்ப்பானையைக் கடைத்தெருவில் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கியவளே செல்வராணிதான். எதிரியாக இருந்தால் பேசிவிடலாம். தன்னைப் போலவே வயிறெரிந்து நிற்கிறவளிடம் எப்படிப் பேசுவது?

ராக்காயி எழுந்தாள். சாமி மாடத்திலிருந்து சூடத்தை எடுத்து ஒரு தட்டில் வைத்தாள். தட்டைத் தம்பி படத்துக்கு முன்னால் வைத்துக் கொளுத்தினாள். பெரிய துண்டமாகத்தான் வைத்திருந்தாள், நின்று எரிந்தது.

"சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு. இனிமே இந்த மாதிரி எழுத மாட்டேன்னு. ஒங்கிட்ட வேற ஒண்ணும் கேக்கல நான்."

சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் சொன்னதுதான். அதை மீறியவர்களை இந்தக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. நாகராசு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெல்ல, "மதினி, அக்கா மனசுக்காகச் சொல்லுங்க. என்னைக்கும் வேணாம், வருசம் திரும்புற வரைக்குமாச்சும். வைகாசி என்ன தூரத்துலயா இருக்கு?" என்றான்.

நியாயமான பேச்சு மாதிரிதான் இருந்தது. கொஞ்ச மாசம்தானே. யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. செல்வராணி தட்டைப் பார்த்தாள். கதையின் கடைசிப் பாகம் சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும், அதில் முக்கியமான இடத்தை இன்னும் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை என்பதுதான் உண்மை. கதாநாயகன் திரும்பி வந்து கதாநாயகி முன்னால் நிற்கிற இடம். எத்தனையோ கதைகளில் தூக்கத்தில்கூட எழுதிய இடம். இந்தத் தடவை காலையிலிருந்து மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் நின்றுபோனது. இப்போது சத்தியம் பண்ணிவிட்டால் அந்தக் கஷ்டமும் இல்லை. 'குடும்பச் சூழ்நிலை' என்று பாசிலாவுக்கு ஒரு வரி போட்டால் போதும், ஆறுதல் சொல்லி நானூறு செய்தி வரும்.

இலக்கியா பின்னால் வந்து காதோரம் குனிந்தாள். "அம்மா, அப்பாதான் எழுதச் சொன்னாருன்னு சொல்லிரும்மா. பொங்கக் கதைய விட்றாதன்னு கடசியாச் சொன்னாருன்னு சொல்லு. அயித்த ஒண்ணும் பேசமாட்டாங்க."

புத்திசாலிப் பெண். ராக்காயியின் வாயை அடைக்க அதை விட நல்ல வழி இல்லை. பாதி உண்மையும்கூட, அவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டால் ராக்காயியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுது தாயி, என் தம்பி ஆசைப்பட்டிருக்கான் என்பாள். ஊரும் சொல்லும். புருஷன் ஆசைக்காக எழுதுகிற உத்தமி என்று தளத்தில் பூ மழை பெய்யும். அப்புறம்? அடுத்த பொங்கலுக்கும் அவரைக் கூப்பிட்டு அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொரு கதைக்கும் செத்தவரை எழுப்பிச் சாட்சி சொல்ல வைக்க வேண்டும். அவருக்கு அந்த வேலை வேண்டாம் என்று நினைத்தாள் செல்வராணி.

"அப்படிச் சொல்லாத இலக்கியா" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு ராக்காயி பக்கம் திரும்பினாள். "அவரு எழுதச் சொல்லிட்டுப் போகல அண்ணி. டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருந்த மனுசன், ஒண்ணுமே சொல்லிட்டுப் போகல. அவருக்காக நான் எழுதல. எனக்கு எழுதணும். எழுதுறேன்."

"வெக்கமா இல்ல ஒனக்கு?"

"இல்ல."

"கருமாதி முடிஞ்ச வீட்டுல ஒக்காந்துக்கிட்டு..."

"ஆமா. இந்த வீட்டுலதான் ஒக்காந்து எழுதுறேன். பானை வைக்கக் கூடாதுன்னாங்க, வைக்கல. கோலம் போடக் கூடாதுன்னாங்க, போடல. அது ஊருது. கதை என்னுது." செல்வராணிக்கு மூக்கு விடைத்தது. ஆனால் குரல் உயரவில்லை. "நான் என்ன எழுதணுங்கிறீங்க? அழுகையவா? காலையில எந்திரிச்சா கொடியில அவரு காக்கிச் சட்டை இல்ல. உப்புப் போட்டுச் சோறு வடிச்சா ரெண்டு பேருக்கு வடிச்சிருக்கேன். அத எனக்கு யாரும் எழுதிக்காட்ட வேணாம், நானும் யாருக்கும் எழுதிக்காட்டப் போறதில்ல. எனக்குத் தெரியும் அது. ரெண்டு பேரு சேர்றது எப்படியிருக்கும்னு எனக்கு மறந்து போயிருமோன்னுதான் பயமா இருக்கு. ஒரு வருசம் சும்மா இருந்தா மறந்துரும் அண்ணி. மறந்துட்டா எனக்கு என்ன இருக்கு சொல்லுங்க. அவரும் இல்ல, அதுவும் இல்லன்னா?"

சூடம் எரிந்துகொண்டிருந்தது. கையை நீட்டினால் ஒரு நொடி வேலை. செல்வராணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ராக்காயி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போதாவது நீட்டுவாள் என்று. சூடம் சிறுத்து, நீலமாகி, தானாக அணைந்தது. தட்டில் கறை மட்டும் இருந்தது.

"சரி" என்றாள் ராக்காயி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெவசத்துக்கு நான் இங்க வரமாட்டேன். எந் தம்பிக்கு என் வீட்டுலயே எலை போட்டுக்கிறேன். இனிமே இந்த வாசப்படியை மிதிச்சா நான் ராக்காயி இல்ல."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். செல்வராணி ரெண்டு எட்டுப் பின்னாலேயே போனாள். அழைத்துவிடலாமா என்று ஒரு கணம் வாய் வரைக்கும் வந்தது. அந்த அக்காவைக் கூட்டிவைத்துக் கும்பிடாமல் குணசேகரன் ஒரு நல்ல காரியம் செய்ததில்லை. போகிற உறவு சாதாரண உறவு இல்லை என்று தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டாள்.

நாகராசு செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒரு வார்த்தை விட்டுக் குடுத்திருக்கலாம் மதினி" என்றான்.

"குடுத்தா அந்த ஒரு வார்த்தையோட நிக்குமா தம்பி?"

அவன் பைக்கை எடுக்கப் போனான்.

செல்வராணி கொல்லைக்குப் போனாள். கொட்டை மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டாள். கட்டையையும் கல்லையும் எடுத்து வந்தாள், முறத்தை எடுத்து வந்தாள், போனை முறத்தில் சாய்த்து வைத்தாள். தெருவைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எதிர்வீட்டில் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் படியில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தலையும் திரும்பியது.

"அம்மா, இங்கயேவா?" என்றாள் இலக்கியா.

"கொல்லையில பேசுனாத்தானே சந்தேகம் வருது. வாசல்லயே பேசுறேன். எல்லாரும் கேக்கட்டும்."

மைக் படத்தைத் தட்டினாள். ஒரு கொட்டையை எடுத்துத் தட்டி உடைத்தாள். ஆரம்பித்தாள்.

மாட்டுப் பொங்கல் சாயங்காலம். ஊர்ப் பொட்டலில் காளைகளெல்லாம் குளித்து, நெட்டி மாலை போட்டு நிற்கின்றன. டாக்டரம்மா ஓரமாக நிற்கிறாள், அவன் வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டு. கூட்டம் விலகுகிறது. காளையைப் பிடித்துக்கொண்டு அவன் வருகிறான். காளையின் காலில் அவள் போட்ட கட்டு அப்படியே இருக்கிறது. களத்தில் இறக்கவில்லை அவன். நேராக அவள் முன்னால் வந்து நிற்கிறான்.

அந்த இடத்தில் குரல் நின்றது. காலையில் நின்ற அதே இடம். போன் காத்திருந்தது. வாசலுக்கு வெளியே நாகராசு பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். ராக்காயி முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அவள் ஏறவில்லை. கரும்பு கடித்த பெண்கள் கடிப்பதை நிறுத்திவிட்டார்கள். செல்வராணியின் கண்ணில் நீர் நின்றது, அதற்கென்ன, நிற்கட்டும். கதாநாயகனின் குரலை எடுத்தாள், கனத்த குரலாக.

"டாக்டரம்மா, ஊரே பாக்குது. பாக்கட்டும்னுதான் வந்தேன். நீங்க சொன்னதக் கேட்டு மாட்ட எறக்கல. எல்லாரும் கேலி பண்றாங்க. பண்ணட்டும். ஒங்களுக்கு என்னயப் புடிச்சிருக்கான்னு மட்டும் சொல்லுங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

"அது எப்படிடி நிப்பான்?"

தெருவிலிருந்து குரல் வந்தது. ராக்காயி. முகத்தை இன்னும் திருப்பவில்லை, முதுகுதான் பேசியது. "மாட்டுப் பொங்க அன்னிக்கு மாட்டுக்குப் பொங்க ஊட்டாம, தண்ணி காட்டாம, எந்த ஆம்பள பொம்பளகிட்டப் பேசிக்கிட்டு நிப்பான்? மாடு வளத்தவன் எவனும் நிக்க மாட்டான்."

நாகராசு பைக்கின் சத்தத்தைக் குறைத்தான். இலக்கியா அம்மாவைப் பார்த்தாள். போன் அதையும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தது.

செல்வராணி அடுத்த கொட்டையை எடுத்துக் கல்லில் வைத்தாள். "நிப்பான் அண்ணி" என்றாள். "இவன் நிப்பான். மாடு காத்துக்கிட்டு இருக்கட்டும்."

ராக்காயி பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். "என்னமோ பண்ணு" என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள். வண்டி மெதுவாகத்தான் நகர்ந்தது. செல்வராணி கட்டையை ஓங்கித் தட்டினாள், கதாநாயகி சொல்ல வேண்டிய பதிலை, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.